ஆறு வாரமும் சைபர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொன்ன பயிற்சியைச் செய்யாமல் வந்தவர்களை நான் திட்டாமல் அனுப்பியதில்லை. மயிலாளை மட்டும் ஒரு நாளும் திட்ட வேண்டி வரவில்லை.

தொண்ணூற்றாறில் கோயமுத்தூரில் பிசியோதெரபி மேற்படிப்பு படித்துக்கொண்டே, திருப்பூர் ராயபுரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்த்தேன். கையில் அடிபட்ட பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேரை வைத்துத்தான் என் ஆய்வு. மயிலாள், தைத்த பனியனில் தொங்கும் நூல் பிசிறை வெட்டுகிறவள். மணிக்கட்டு ஒடிந்து, மாவுக்கட்டைப் பிரித்தபோது வலது கை விரல்கள் மடங்கவில்லை. மறுபடி கத்தரி பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

விரலை மடக்கி இழுப்பேன். வலி எவ்வளவு என்று கேட்பேன். வலியே இல்லையென்றால் சைபர், தாங்கவே முடியாவிட்டால் பத்து. மூன்றுக்குக் கீழே சொன்னால் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுக்கலாம். ஆய்வின் விதி அது.

"எத்தனைங்க அக்கா?"

"வலியெல்லாம் இல்லீங்க. சைபருங்க."

ஆறு வாரமும் சைபர். வாரா வாரம் அதைக் குறித்துவைத்த தாளைப் பார்த்து என் பேராசிரியரே பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கை வீங்குவதை நான் பார்க்காமல் இல்லை. ஆனால் தாளில் சைபர் இருந்தது, நான் தாளை நம்பினேன்.

ஏழாம் வாரம் துணைக்கு வந்த கருப்பாத்தாள், மயிலாளோடு ஒரே மேஜையில் பிசிறு வெட்டுகிறவள், பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள்.

"அவ பொய் சொல்றாளுங்க. இங்கிருந்து ஊட்டுக்குப் போனா ரெண்டு நாளைக்குச் சோத்தக்கூட எடக்கைலதான் திங்கறா."

"ஏன் என்கிட்டச் சொல்லல?" என்று மயிலாளைக் கேட்டேன்.

"நீங்க அத்தன அக்கறையாக் கேக்கறீங்க. உங்க மூஞ்சியப் பாத்து வலிக்குதுன்னு எப்படிங்க சொல்றது? மனசு சங்கட்டப்படுமில்லீங்க."

பொங்கலூரில் என் அம்மாவும் அப்படித்தான். யார் வீட்டில் உப்பில்லாத குழம்பு ஊற்றினாலும், நல்லா இருக்குதுங்க என்று இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிடுவாள். நானும் அதே மண்தான். புத்தகத்திலிருந்த கேள்வியை அப்படியே தூக்கிவந்து கேட்டேனே தவிர, எங்கள் ஆட்கள் அதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று யோசிக்கவில்லை. என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மயிலாளின் கையைத் தொட்டேன். கொதித்தது. விரல்கள் முதல் நாளைவிட இறுகிப்போயிருந்தன. இனி கத்தரி பிடிக்குமா என்று தெரியவில்லை என்பதை அவளிடமே சொல்லி, மன்னிப்புக் கேட்டேன்.

"அட விடுங்க. நீங்க நல்லதுக்குத்தானுங்களே செஞ்சீங்க."

"என்னைச் சமாதானப்படுத்தாதீங்க அக்கா. என் படிப்புப் போனாப் போகுது. எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் கருப்பாத்தாளைப் பார்த்தாள்.

"ஒம்பதுங்க. மொத நாள்ல இருந்தே ஒம்பதுங்க."

ஏழாவது கட்டத்தில் ஒன்பது என்று எழுதினேன். பிறகு மீதிப் பதினொரு பேரின் தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சைபர்தான் இருந்தது.