மிச்சம் இல்லாத தண்ணீர்

மாமா கண்ணாடித் தொட்டிக்குள் கையை விட்டு, உள்பக்கத்தை ஆள்காட்டி விரலால் ஒரு தேய் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ரூமுக்குள் நுழைந்ததும் அவர் செய்கிற முதல் வேலையும் இதுதான். சுவரைத் தடவி விரலைப் பார்ப்பார். பொடி ஒட்டியிருந்தால் அன்றைக்கு போர்மேனுக்கு அர்ச்சனை. இப்போது விரல் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தொட்டியின் அடியில், மணல்மேல், காப்பி நிறத்தில் கோழைபோல் ஒன்று படர்ந்து குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

"சுத்தம் பத்தலம்மா யோகேஸ்வரி. ஞாயித்துக்கிழமை பாதித் தண்ணிய மாத்திருவோம்."

"வேண்டாம் மாமா."

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து நான் அவரிடம் சொன்ன முதல் 'வேண்டாம்' அது. சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் பிடித்திருந்தது.

கடல் மீனும் உயிர்ப் பவளமுமாகத் தொட்டியை வாங்கி வந்தது என் வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி. ஆர்டர் கொடுக்க வருகிற வடநாட்டு வியாபாரிகள் அசந்துபோக வேண்டும் என்று முன்ஹாலில் வைத்தார். அவருடைய ஆசை ஒரு சீசன் தாங்கியது. அதன்பிறகு தொட்டி என்னுடையதாயிற்று. கடலுக்கும் சிவகாசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாளித் தண்ணீரில் கடலுப்பைக் கரைத்துக் கரைத்து நான்தான் இங்கே ஒரு கடலை வைத்திருந்தேன். எல்லோரும் கம்பெனிக்குப் போனபிறகு, அந்தப் பச்சைப் பவளம் விரல் விரலாக நீட்டி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். இந்த வீட்டில் என்னுடையது என்று நான் நினைத்த ஒன்றே ஒன்று அதுதான்.

மாமாவின் பங்கு சுத்தம். எம். புதுப்பட்டியில் இருக்கிற அவர் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. கலந்த மருந்து அன்றன்றைக்கே தீர வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது, சாயந்திரம் ரூமைக் கழுவிவிட்ட பிறகுதான் ஆள் வீட்டுக்குப் போகலாம். அந்தச் சட்டத்தை அப்படியே தொட்டிக்குக் கொண்டுவந்துவிட்டார். மீன் தின்னாத தீனியை உடனே வலைபோட்டு எடுப்பார். அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் மெஷின் ஓயாமல் ஓடும். அதுவும் போதாதென்று அழுக்கை உறிஞ்சும் துகளைப் பை பையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வருகிறவர்கள், "தண்ணி இருக்கதே தெரியலையே அண்ணாச்சி!" என்பார்கள். மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

அந்தச் சுத்தத்தில்தான் பவளங்கள் வெளுத்தன. பச்சை விரல்கள் சுண்ணாம்பு நிறமாகி உள்ளே சுருண்டன. நான் படித்தேன், கேட்டேன், சோதனைக் குழாய் வாங்கித் தண்ணீரைச் சோதித்தேன். நைட்ரேட் இருந்தால் இளஞ்சிவப்பு ஏற வேண்டும், பாஸ்பேட் இருந்தால் நீலம். இரண்டு குழாயும் வெறும் தண்ணீராகவே நின்றன.

"ரெண்டுமே பூஜ்யம் மாமா."

"அப்ப நல்லதுதான?" சந்தோஷமாகக் கேட்டார்.

"பட்டினி மாமா. மீன் கழிவும், மிச்சத் தீனியும் கரைஞ்சாத்தான் பவளத்துக்குச் சாப்பாடு. நாம அதை வழிச்சுத் தொடைச்சு எடுத்துட்டோம். வேற எதுவும் பொழைக்க முடியாத தண்ணியில இந்தக் கோழை மட்டும் வளருது. கழுவக் கழுவ அதுக்குத்தான் கொண்டாட்டம்."

"அழுக்கு பத்தலன்னு சொல்ற முத ஆளு நீதாம்மா," என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். துகள் பைகளைக் கொல்லையில் எறிந்தேன். மீனுக்கு இரண்டு பங்கு தீனி போட்டேன். செந்தூர்பாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அப்பாகிட்ட எதுக்கு மல்லுக்கு நிக்க?" என்றார். மல்லுக்கு நிற்க வேண்டியவர் அவர். அவர் உட்கார்ந்துவிட்டதால் நான் நின்றேன்.

ஓடாமல் நின்ற மெஷினை மாமா பார்த்தார். மதுரையில் தொட்டி விற்ற ஊர்க்காவலனுக்குப் போன் போட்டு, சமையலறைவரை கேட்கிற குரலில், "ஞாயித்துக்கிழமை வந்து மொத்தத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க. வீடு நாறுறதுக்கு முன்னால," என்றார்.  பட்டினி கிடந்து நொந்த பவளத்தைப் பிடுங்கி, வேனில் ஆட்டி, வேறு தண்ணீரில் போட்டால் அது பிழைக்காது. அவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் தயாராக இல்லை.

தீனி மட்டும் போதவில்லை, சோதனைக் குழாயில் இன்னும் நிறம் ஏறவில்லை. ஆய்வகச் சாமான் விற்கிற கடையிலிருந்து நைட்ரேட் ஒரு புட்டி, பாஸ்பேட் ஒரு புட்டி வரவழைத்தேன். ஹாலில் உட்கார்ந்து கரைத்துக்கொண்டிருந்தபோது மாமா வந்து புட்டியை எடுத்துப் படித்தார். பொட்டாசியம் நைட்ரேட். எங்கள் ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை. வெடியுப்பு.

"வெடியுப்ப வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கியா?"

 மருந்து ஒட்டிய கம்பெனிச் சட்டையோடு வாசல் ஏறாத மனிதர், கொல்லையில் குளித்து வேட்டி மாற்றித்தான் உள்ளே வருவார்.

"வெறும் உப்பு மாமா. ஒரு சிட்டிகைதான், அதையும் தண்ணியில கரைச்சாச்சு."

"எந்தம்பி எதுல போனான்னு தெரியுமா? ஒரு கை மருந்து. நாளைக்கு ஆகும்னு மூடி வச்ச மிச்சம்."

சுவரில் மாலையோடு இருந்த சின்ன மாமாவின் படத்தை அவர் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். இத்தனை வருஷமாக இந்த மனிதர் எதைக் கழுவிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் கரைசலைக் கீழே வைக்கவில்லை.

"அங்கன மிச்சம் இருந்தா ஆபத்து மாமா, சரிதான். இங்கன மிச்சம் இல்லாமத்தான் சாகுது. நான் ஊத்தத்தான் போறேன்."

அவர் கண்ணெதிரிலேயே ஊற்றினேன். மாமா சாப்பிடாமல் கம்பெனிக்குப் போய்விட்டார்.

"மாமா வெறும் வயித்தோட போயிட்டாக. இப்பத் திருப்திதான?" என்றார் அத்தை.

"ராத்திரி வந்து சாப்பிடுவாக அத்தை. தொட்டியில இருக்கதுக்கு வெளிய போய்ச் சாப்பிட வழியில்ல." அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். அதன்பின் தினமும் சோதித்தேன், தினமும் ஊற்றினேன். 

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காவலன் வேனில் டப்பாக்களும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் ரப்பர் ஓஸுமாக வந்து இறங்கினார். நான் ஒரு நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி எடுக்கச் சொன்னாகளே, தங்கச்சி?"

"அண்ணாச்சி வரட்டும். நான் எந்திரிக்காம ஓஸு உள்ள போகாது."

மாமா வந்தார். தோளில், ஞாயிற்றுக்கிழமை தோறும் தொட்டியைத் துடைக்கிற ஈரத்துணி, பிழியாமல் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் என்னைப் பார்த்தார். பிறகு நான் நீட்டிய குழாயைப் பார்த்தார். அதில் லேசான சிவப்பு, பச்சைப்பிள்ளை நகத்தின் நிறம். மணலில் கோழை ஒரு மூலைக்கு ஒதுங்கியிருந்தது. 

என் தலைக்கு மேலாகக் கையை நீட்டித் தொட்டிக்குள் விட்டார். கண்ணாடியைத் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் பிடித்தார். விரல் நுனியில் பொடிபோல் மெல்லிய பச்சைப் பாசி.

"இதுவும் அழுக்குதான?"

"ஆமா மாமா. அழுக்குதான். எந்திரிக்க மாட்டேன்."

அவர் துணியைக் கையில் எடுத்தார், ஆனால் விரலைத் துடைக்கவில்லை. அவர் கண் என் தோளைத் தாண்டி, எனக்குப் பின்னால் தண்ணீருக்குள் எதிலோ போய் நின்றது. அங்கே எந்தப் பவளம் விரிகிறது என்று திரும்பிப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. திரும்பவில்லை.

"மோட்டாரப் போடவா அண்ணாச்சி?" வாசலில் இருந்து ஊர்க்காவலன் கேட்டார்.

மாமாவின் கையிலிருந்த துணி என் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பச்சை ஒட்டிய அந்த விரலை இன்னும் தூக்கியே பிடித்திருந்தார்.