இமைக்கு மேலே மூன்று சுருக்கங்கள்

கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் இருப்பவர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. சட்டை அவள் கணவருடையது. மீசையும் அவருடையதுதான். ஆனால் ஸ்டூடியோக்காரர் வலது கண்ணைத் திருப்பி இடப்பக்கம் ஒட்டி, பிறவியிலிருந்தே பாதி மூடிக் கிடந்த இமையைத் திறந்துவிட்டிருந்தார். லேத் பட்டறையில் 'ஒன்றரை' என்று கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்த்த மனிதருக்குச் செத்த பிறகு இரண்டு முழுக்கண்.

திறக்கச் சொன்னது கணவரின் அக்கா. அந்தக் கண்ணைக் கேலி செய்த தெருப்பிள்ளைகளோடு சின்ன வயதில் மண்டை உடையச் சண்டை போட்டவள்.

"இருக்கும்போதுதான் எல்லாரும் சிரிச்சாங்க. போன பிறகாவது முழுசா இருக்கட்டுமே" என்றாள்.

"அவரு எப்பவும் முழுசாத்தான் இருந்தாரு, அண்ணி."

பேச்சு அத்தோடு நின்றது. வயிற்றெரிச்சல் நிற்கவில்லை. தானே வரைந்து மாட்டுவதென்று தீர்மானித்து, ஐம்பதைத் தாண்டிய வயதில், தையல் கடைக்கு மேலே நடந்த பென்சில் ஓவிய வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

ஆசிரியைக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். எந்தக் காலத்திலோ ஒரு பெரிய ஓவியர் வரைந்த கிழவரின் முகத்தை அச்செடுத்துக் கொடுத்து, அதைத் தலைகீழாக வைத்து வரையச் சொன்னாள். கண் என்று நினைத்தால் மனசில் இருக்கும் கண் வரும். கோடு என்று நினைத்தால்தான் எதிரே இருப்பது வரும் என்பது ஆசிரியையின் கணக்கு. கிழவரின் இமை தடித்து, நன்றாக மேலேறியிருக்கும். மழைக்காலம் முழுக்க அதையே வரைந்ததில், கடைசியில் அச்சைப் பார்க்காமலே அந்த இமை கைக்கு வந்துவிட்டது. எது அச்சு, எது நகல் என்றே தெரியவில்லை என்று ஆசிரியை மெச்சியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சூட்டோடு கணவரை வரைந்தாள். பட்டறை அடையாள அட்டையின் படம் பக்கத்திலேயே இருந்தது. அதை எதற்குப் பார்க்க வேண்டும்? கல்யாணமான நாள் முதல் பார்த்த முகமாயிற்றே.

அண்ணி வந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"இப்பதான் என் தம்பி. எவ்வளவு அழகா கண்ணைத் திறந்துட்டே."

அவளுக்குச் சுரீரென்றது. படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். இடது புருவத்துக்கு மேலே மூன்று சுருக்கங்கள் சரியாக விழுந்திருந்தன. அந்த இமையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தே விழுந்த சுருக்கங்கள். கீழே இருந்ததோ கிழவரின் இமை. யாரும் தூக்காமலே ஏறி நின்றது. சுருக்கங்களுக்கு வேலையே இல்லை. ஸ்டூடியோக்காரராவது அவருடைய கண்ணையே எடுத்து ஒட்டினார். இவள் கை எவனோ ஒருவனின் கண்ணைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. அந்தப் பெரிய ஓவியரை எழுப்பி நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது.

ரப்பரை எடுத்தாள். அட்டையையும் படத்தையும் தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

"என் தம்பியைத் தலைகீழா நிக்க வெக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?"

"நேரா வெச்சா அவரை யாருமே பார்க்க மாட்டேங்கிறோம், அண்ணி. நானும்தான்."

இமை அழிந்தது. காகிதம் அங்கே பஞ்சு பூத்தது. அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கோடு கோடாக இறக்கினாள். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், அவள் கல்நெஞ்சம் ஊருக்கெல்லாம் தெரியட்டும் என்று அண்ணி பொரிந்து தள்ளியது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படத்தை நேராக்கியதும் சுருக்கங்கள் இமையைப் பிடித்து இழுத்தன. இழுத்தும் அது பாதியில்தான் நின்றது. மோவாயைச் சற்றே நிமிர்த்தி, அந்தச் சந்து வழியாக அவர் பார்த்தார்.

அண்ணி ஓரடி பின்வாங்கினாள்.

இவள் ஸ்டூலில் ஏறி ஸ்டூடியோ படத்தைக் கழற்றி, முந்தானையால் தூசி துடைத்து நீட்டினாள்.

"நீங்க கொண்டுபோங்க, அண்ணி. இவரை எனக்குப் பழக்கமில்ல."

அண்ணி அதை மார்போடு அணைத்துக்கொண்டு, புதிய படத்தின் பக்கம் திரும்பாமலே படியிறங்கினாள். சுவரில் ஆடிக்கொண்டிருந்த ஆணியை இவள் ஓங்கி அடித்தாள்.