ஏழாங்கட்டைக்குப் போன ஒட்டுக்காரி

மயிலம்மாள் கட்டிய ஒட்டு நூற்றில் தொண்ணூறு பிடிக்கும். மலாயாவில், கோலா சாவாப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இது வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாருக்கும் தெரியும், பெரிய கங்காணி மணியத்துக்கும் தெரியும். தெரியாதவர் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் தொரை ஒருவர்தான்.

அது 1928ஆம் வருஷம். நிறையப் பால் கொடுக்கிற மரத்திலிருந்து ஒரு கண்ணைத் தோலோடு உரித்தெடுத்து, இளம் நாற்றின் தோலுக்குள் செருகிக் கட்டுகிற கண்ணொட்டு வேலை அப்போதுதான் தோட்டங்களுக்கு வந்திருந்தது. நெகிரி செம்பிலான் முழுக்கத் தேடினாலும் அது கைவந்தவர்கள் பத்துப் பேர் தேறமாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஜாவாக்காரர் ஒருவர் நாலு மாத ஒப்பந்தத்தில் வந்து நாற்றுமேடையில் உட்கார்ந்து ஒட்டுக் கட்டினார். தண்ணீர் தூக்கவும், மெழுகில் தோய்த்த துணியை நாடா நாடாவாகக் கிழித்துக் கொடுக்கவும் மயிலம்மாளைப் போட்டிருந்தார்கள். அவரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, இவளும் கேட்கவில்லை. நாடாவை நீட்டிக்கொண்டே பார்த்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் காட்டுச் செடிகளில் கட்டிப் பார்த்தாள். அவர் ஊருக்குக் கப்பலேறியபோது அவர் கை செய்ததெல்லாம் இவள் கையும் செய்தது.

ஆனால் கங்காணி தொரையிடம் வேறு கதை சொன்னார். தம் மச்சான் சந்திரன்தான் ஜாவாக்காரரிடம் வேலை பழகினவன் என்றார். ஒட்டுக்கார வேலையும் அதற்கான சம்பளமும் சந்திரனுக்குப் போயின. சந்திரனுக்குக் கள்ளுப் பழக்கம். காலையில் கத்தியைப் பிடித்தால் கை நடுங்கும். ஆகவே கட்டுவது மயிலம்மாள், பேர் சந்திரனுக்கு. பத்து மணிக்குத் தொரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் மேட்டில் கேட்டதும், "எந்திரி, எந்திரி" என்பான். அவள் புல்வெட்டியை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விடுவாள். அவன் அவள் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் கட்டியதையே தடவிக்கொண்டிருப்பான். பதிவில் அவள் புல்லு வெட்டுகிறவள்.

ஒருநாள் தொரை ஒரு நாற்றின் முன்னால் குனிந்து, "நல்ல கை, சந்திரன்" என்றார். நாலு அடி தள்ளிப் புல் வெட்டிக்கொண்டிருந்த மயிலம்மாளின் காதில் அது விழுந்தது. மண்ணில் இறங்கிய வெட்டியை அவள் கொஞ்ச நேரம் வெளியே எடுக்கவில்லை. இந்தத் தோட்டத்தில் இனி இருப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

முடிவு செய்வது சுலபம், போவதுதான் கஷ்டம். ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு யாரும் விலகலாம் என்று சட்டம் இருந்தது. ஆனால் அந்தச் சொல் கங்காணி வழியாகத்தான் ஆபீசுக்குப் போக வேண்டும். மணியம் கங்காணியின் காதுக்குப் போன எந்த நோட்டீசும் ஆபீஸ் படியேறியதில்லை. அதற்குப் பதில், கேட்டவனுக்கு மறுநாளே மலைச்சரிவில் கடைசி வரிசை கிடைக்கும். முறையாக விலகிய சீட்டு இல்லாமல் போனாலோ அடுத்த தோட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

தம்பின் டவுனிலிருந்து மாதம் இரண்டு முறை துணிமூட்டையோடு வருகிற ஹாஜா மைதீனிடம்தான் அவள் முதலில் வாய் திறந்தாள். அவருக்குத் தம்பின் ஸ்டேஷன் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையும் இருந்தது. எந்தத் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்பது அந்தக் கடை மேஜைக்கு வந்துவிடும்.

ஒரு கைலியை விரித்து விலை கேட்பதுபோல் கேட்டாள். "பாய், ஒட்டுக் கட்ட ஆள் தேடுற தோட்டம் எதுனாச்சும் இருக்கா?"

ஹாஜா மைதீன் நிமிரவில்லை. கைலியின் கரையைப் பிடித்துக் காட்டியபடியே, "யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான்."

"இருக்கு தங்கச்சி. தம்பின்லேருந்து ஏழாவது மைலு, ஏழாங்கட்டை. பாதி பழைய மரம், பாதி புதுசா நடுறாங்க. ரெண்டு பேரைக் கொண்டாந்து பாத்தாங்க, பாதிக்கு மேல அழுவிப் போச்சாம். அங்க கணக்கு எழுதுற கிராணி கணேசமூர்த்தி நம்ம கடையிலதான் மத்தியானம் சாப்பிடுவாரு. சொல்லி வைக்கவா?"

"பேரு சொல்லாதீங்க. கோலா சாவாப் பக்கம் ஒருத்தி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

"அது போதும்லா" என்று அவர் மூட்டையைக் கட்டினார்.

கணவன் நல்லசாமி மரம் வெட்டிப் பால் எடுக்கிறவன். அவள் சொன்னதைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கியது. "நம்ம சொந்தமெல்லாம் இந்த லயத்து வீடுங்கள்லதான் இருக்கு புள்ள. கங்காணிக்குத் தெரிஞ்சா நம்மள நிம்மதியா விடுவானா?"

"தெரியாமத்தான் செய்யணும். பால்மரம் எங்கேயும் இருக்குங்க, உங்க கைக்கு எங்கேயும் வேலை உண்டு. என் கைக்கு இங்க இல்ல. புல்லு வெட்டுறவன்னு பேரு வாங்கிக்கிட்டே என்னால கெழவியாக முடியாது."

அவன் பால்வாளியைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "எப்பப் போவணும்?" என்று கேட்டான்.

அடுத்த முறை ஹாஜா மைதீன் கொண்டுவந்த பதில் இது: ஞாயிற்றுக்கிழமை வந்து நூறு நாற்றுக்கு ஒட்டுக் கட்டிவிட்டுப் போகட்டும். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்துப் பார்ப்போம். பிடித்திருந்தால் வேலை.

மகளைப் பக்கத்து வீட்டுத் தாயம்மாவிடம் விட்டார்கள். தாயம்மாவும் புல்லு வெட்டுகிறவள்தான். எங்கே போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. "யாராச்சும் கேட்டா தம்பினுக்குத் துணி எடுக்கப் போயிருக்காங்கன்னு சொல்றேன்" என்று அவளே சொன்னாள். சிரம்பான் வரை பஸ், அங்கிருந்து ரயில். மடியில் துணிக்குள் சுற்றிய சின்னக் கத்தி.

ஏழாங்கட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டி ஓய்ந்திருந்தது. நாற்றுகளின் தண்டிலிருந்து தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. கிராணி கணேசமூர்த்தி மெலிந்த மனிதர், சட்டைப்பையில் கடிகாரம் வைத்திருந்தார். மயிலம்மாளைப் பார்த்தவர் நல்லசாமியைப் பார்த்து, "ஒட்டுக் கட்டுறவர் நீங்கதானா?" என்றார்.

"நான் இல்லீங்க. இவதான்."

கிராணி அவள் மடியிலிருந்த துணிச்சுற்றைப் பார்த்தார். பிறகு, "சரி, ஆரம்பிம்மா. தொரை பன்னெண்டு மணிக்கு வருவாரு" என்றார்.

மயிலம்மாள் ஒரு தண்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இப்ப முடியாதுங்க. தோலு ஈரம். கட்டுனா உள்ள தண்ணி நின்னு கண்ணு அழுவிப் போயிடும்."

"முன்னாடி வந்தவங்க மழையிலயும் கட்டினாங்களே?"

"அதாங்க அழுவிப் போச்சு."

கிராணிக்கு முகம் சிவந்தது. கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். நல்லசாமி அவள் முந்தானையை லேசாக இழுத்து, "ஏதோ பத்துச் செடிக்காவது கட்டிக் காட்டேன்" என்று முணுமுணுத்தான். அவள் அசையவில்லை. வேலை கேட்டு வந்த இடத்தில் முதல் வார்த்தையே முடியாது என்று சொல்லியாகிவிட்டது. ஆனாலும், கெட்டுப்போகும் என்று தெரிந்தே கத்தி வைப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. அழுகின பிறகு மழையைக் குறை சொன்னால் யார் கேட்பார்கள்?

அந்தத் தோட்டத்துத் தொரை வந்தபோது அவள் மேட்டோரம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர் கிராணியிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார், கிராணி கையை விரித்துப் பதில் சொன்னார். தொரை நாற்றை ஒருமுறை தொட்டுவிட்டு, பக்கத்துக் கொட்டகைக்குப் போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

வெயில் ஏறி, தண்டு காய ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் அவள் எழுந்தாள். தரைக்குச் சற்று மேலே மூன்று கீறல் போட்டாள். வடிந்த பாலைத் துணியால் ஒற்றினாள். நல்ல மரத்திலிருந்து வெட்டி வைத்திருந்த மொட்டுக்குச்சியிலிருந்து கண்ணை உரித்து, உட்புறம் விரல் படாமல் கீறலுக்குள் இறக்கினாள். மேல்தோலை மூடி, கீழிருந்து மேலாக மெழுகு நாடாவைச் சுற்றி இறுக்கினாள். அடுத்தது. அதற்கடுத்தது. தலை நிமிராமல் கட்டினாள். தொரை எழுந்து வந்து பின்னால் நின்றதும் அவளுக்குத் தெரியாது. ரயிலுக்கு நேரமாகிறது என்று நல்லசாமி சொன்னபோது அறுபதுதான் முடிந்திருந்தது.

"நூறு சொன்னோமே" என்றார் கிராணி.

"அவசரமா நாப்பது கட்டினா அந்த நாப்பதும் போயிடுங்க. அறுவதப் பிரிச்சுப் பாருங்க. பிடிச்சிருந்தா, ரெண்டு விஷயம் கேப்பேன். ஆம்பள ஒட்டுக்காரனுக்கு என்ன கூலியோ அதே கூலி எனக்கு. நான் கட்டுற வரிசைக்கு என் பேரு."

மூன்று வாரம். அவள் வழக்கம்போல் சந்திரனுக்காகக் கட்டினாள், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்தாள். எட்டாம் நாள் கங்காணி லயத்துக்கு வந்து வாசலில் நின்றார். "என்னா மயிலு, புருசனும் பொண்டாட்டியும் தம்பினுக்குப் போனீங்களாமே?"

"ஆமாங்க. பாய் கடையில சாப்பிட்டோம். ஆட்டுக்கறி நல்லா இருந்துச்சு."

கங்காணி அவள் முகத்தையே பார்த்தார். "இங்க உனக்கு ஒரு கொறையும் இல்லல்ல?"

"என்னாங்க கொறை? புல்லு வெட்டுறவளுக்கு என்னா கொறை வந்துடப் போவுது?"

அவர் போன பிறகு அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

இருபத்து நாலாம் நாள் ஹாஜா மைதீன் வந்தார். சேலையை விரித்துக்கொண்டே, "அறுவதுல அம்பத்தஞ்சு பச்சையா இருக்காம். கேட்ட ரெண்டுக்கும் சம்மதமாம். ஆனா சீட்டோட வரணும், ஆள இழுத்துக்கிட்டாங்கன்னு பேரு வந்துடக் கூடாதுன்னு கிராணி கண்டிசனா சொல்லிட்டாரு" என்றார்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டு, ஆள் கணக்கெடுக்கும் நேரம். எல்லாரும் வரிசையில் நிற்க, இந்தத் தோட்டத்துக் கிராணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தொரை வராந்தாவில் நின்றார். மயிலம்மாளும் நல்லசாமியும் வரிசையை விட்டு வெளியே வந்து நேரே அவர் முன்னால் நின்றார்கள்.

"தொரை, நானும் என் புருசனும் ஒரு மாச நோட்டீஸ் குடுக்கறோம். இன்னைக்குத் தேதி போட்டுக்குங்க."

அவருக்குத் தமிழ் தெரியும். "இவள் யார்? என்ன வேலை?" என்று கங்காணியைக் கேட்டார்.

மணியம் கங்காணிக்கு வேர்த்தது. சந்திரன் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். இவளை விடக்கூடாது என்று சொன்னால், ஏன் என்று தொரை கேட்பார். ஒட்டுக் கட்டுகிறவள் என்று சொன்னால், அப்போது சந்திரன் யார் என்று கேட்பார்.

மயிலம்மாளின் நாக்கு நுனிவரை எல்லாம் வந்தது. மேடையில் இருக்கிற அத்தனை ஒட்டும் என் கை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு வருஷத்து வயிற்றெரிச்சல் அடங்கிவிடும். அவள் அதை விழுங்கினாள். சொன்னால் தொரை அவளை விடமாட்டார். எந்தப் பொய் அவளைப் புல்லோடு கட்டிப் போட்டதோ, அதுவே இப்போது கதவைத் திறந்து விட்டிருந்தது. அவள் கங்காணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புல்லு வெட்டுறவ, தொரை" என்றார் கங்காணி கடைசியில்.

"புருசன்?"

"மரம் வெட்டுறான்."

"சரி. தேதி போடு" என்றார் தொரை கிராணியிடம்.

அந்த ஒரு மாதமும் கங்காணி இருவரையும் மலைச்சரிவில் கடைசி வரிசைக்கு விரட்டினார். சந்திரனுக்கு ஒட்டுக் கட்ட அவளைக் கூப்பிட்டபோது, "நான் புல்லு வெட்டுறவங்க, தொரைகிட்டயே சொன்னீங்களே" என்றாள். அட்டைக்கடி வாங்கினாள், காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தாள், மூன்றாம் நாள் எழுந்து போனாள். முப்பதாம் நாள் ஆபீசுக்குப் போய்ச் சீட்டைக் கையில் வாங்கினாள். தாயம்மா மட்டும் ரோடு வரை வந்து, குழந்தையை முத்தமிட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பன்னிரண்டாயிரம் நாற்று காத்திருந்தது. முதல் நாள் காலை கிராணி கணேசமூர்த்தி வரிசைத் தலைப்பில் ஒரு பலகையை நட்டுவிட்டு, "உங்க பேருதாம்மா எழுதியிருக்கு" என்றார். மயிலம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நல்லசாமிக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். பால்வாளியோடு ரப்பர் காட்டுக்குக் கிளம்பியவனை அவள் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நீங்க படிங்க."

"அதான் கிராணியே சொல்லிட்டாரே?"

"நீங்க படிங்கன்னா."

அவன் வாளியைக் கீழே வைத்து, பலகைக்கு முன்னால் குந்தி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் கூட்டினான். கடைசி எழுத்து வரை கேட்ட பிறகுதான் அவள் நாற்றுமேடையில் இறங்கினாள்.