பதினொன்றரைக் கிலோ

கதிர்காமத்துக்கு நடந்து போகக் கொடுத்துவைக்கவில்லை, ஸ்பெயினில் இருக்கும் புனித யாகப்பராவது கூப்பிடட்டுமே என்று புஷ்பராணிக்கு ஆசை வந்துவிட்டது. சைவப் பெண்தான். அதற்காக அவர் கோயில்வரை போகும் எண்ணூறு கிலோமீற்றர் நடை கசக்குமா என்ன?

கூட்டிப்போக இருந்தவள் சிநேகிதி றெஜினா. குருநகர்க்காரி, போன வருடம் அதே பாதையைத் தனியாக நடந்து முடித்தவள். அவள் ஒரு பரீட்சை வைத்தாள். முதுகுப் பையில் ஆறு கிலோவோடு புஷ்பராணி இருக்கும் ரொக்ஸ்பரோவிலிருந்து நகரின் மறுபக்கம் நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் தன் வீடுவரை நடந்து வர வேண்டும். தேறினால்தான் டிக்கெட்.

சனிக்கிழமை காலை புஷ்பராணி உற்சாகமாகப் புறப்பட்டாள். ஆனால் செய்தி அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. ஐரோப்பாவுக்குப் போகிற ஆளை நம் சனம் வெறுங்கையோடு அனுப்புமா? முதல் சந்தியிலேயே ஒருத்தி ஓடிவந்து, பிரான்சில் இருக்கும் மகளுக்கென்று மிளகாய்த்தூளைத் திணித்தாள். அடுத்த தெருவில் ஒடியல் மா. டெப்பனர் கடை ஆனந்தராசா ஊறுகாய்ப் போத்தல்களோடு வாசலிலேயே நின்றார்.

“ஸ்பெயின் பாரிசுக்குப் பக்கம்தானே, தங்கச்சி. அங்க என்ர தம்பியிட்டக் குடுத்துவிடும்.”

“ஓம் அண்ணை.”

சொல்லிவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள். தோள் கழன்று விழும்போல் இருந்தது. பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றபோது அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தாள். அவ்வளவு வைராக்கியம்.

வீடு வந்து சேர்ந்ததும் றெஜினா பையைத் தராசில் தொங்கவிட்டாள். பதினொன்றரைக் கிலோ.

“நடையில பாஸ், புஷ்பம். இவ்வளவு பாரத்தோட நானே நடக்கமாட்டன். ஆனா ஆர் என்ன தந்தாலும் வாங்கிறீர். அங்கயும் இப்பிடிச் சுமந்தால் மூண்டாம் நாள் முழங்கால் போயிடும். உம்மைக் கூட்டிக்கொண்டு போக எனக்குப் பயமாக் கிடக்கு.”

புஷ்பராணிக்குக் கண் கலங்கிவிட்டது. கால் வென்ற இடத்தில் வாய் தோற்றுப்போனதே என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஆனந்தராசாதான்.

“தங்கச்சி, கருவாட்டுப் பாசல் ஒண்டு தர மறந்துபோனன். பேந்து வந்து எடுக்கிறீரோ?”

பழக்கதோஷத்தில் தலை முன்னுக்கு ஆடியது. பிறகு நிமிர்ந்தாள்.

“ஏலாது அண்ணை. நான் யாகப்பரிட்டப் போறன், தபாற்கந்தோருக்கு இல்லை. ஊறுகாயையும் நாளைக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கோ.”

போனை வைத்துவிட்டு ஊறுகாய்ப் போத்தல்களைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தாள்.

“பாஸ்போட்டைத் தாரும்,” என்றாள் றெஜினா.