மூன்றாவது கியரில் மட்டும் ஒரு சத்தம்

…சரியாகத்தான் செய்தோம், வேறென்ன செய்திருக்க முடியும், என்று நினைத்துக்கொண்டே ராம்பிரசாத் சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து காரின் அடியில் நுழைந்தான், சூடு ஆறாத சைலன்சர் குழாய் மூக்குக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது, மூன்றாவது கியரில் மட்டும் அடியில் டக் டக்கென்று தட்டுகிறதாம், இரண்டாவதில் இல்லை, நான்காவதில் இல்லை, அப்படித்தான் ரங்கராஜன் சார் சொன்னார், ஆவடியிலிருந்து தேஹு ரோடு ராணுவ டிப்போவுக்கு மாற்றலாகி வந்திருக்கும் புது அதிகாரி, அவர் காரைப் பார்க்கச் சொல்லி சூப்பர்வைசர் சேவியர் குரல் கொடுத்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனால், அதிகாரி பக்கத்தில் அப்பா நிற்கிறார்… இந்த ஔந்து வட்டாரத்தில் இத்தனை ஒர்க்‌ஷாப் இருக்க இங்கேயா வரவேண்டும், அப்பா கையை லேசாகத் தூக்கி, "சார், இது…" என்று ஆரம்பித்தார், பாவம், மேலதிகாரியிடம் என்ன சொல்லிச் சமாளிப்பாரோ, அவர் முடிப்பதற்குள் இவன் முந்திக்கொண்டான், முன்பின் பார்த்திராத வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி, "சாப், ஆப் லோக் உதர் பைட்டியே" என்று இந்தியில் சொல்லி, போய் உட்காரக் கண்ணாடி அறையைக் காட்டினான், அப்பாவையும் சேர்த்து சாப்! அப்பா தூக்கிய கை அப்படியே இறங்கி சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அப்போது இவனுக்கு ஒரே திருப்தி.

மறைப்பது பழக்கம்தானே, நான்கு வருடப் பழக்கம், தொண்ணூற்றெட்டில் பன்னிரண்டாவது முடித்த கையோடு இன்ஜினியரிங் டிப்ளமாவுக்கு அப்பா பாரம் நிரப்பி வைத்திருந்தார், நேர்காணலுக்குப் போகிறேன் என்று ரயிலேறியவன் ஐ.டி.ஐ. வாசலில் மோட்டார் மெக்கானிக் வரிசையில் போய் நின்றுவிட்டான், வீட்டில் பூகம்பம் வரும் என்று பார்த்தால் ஒன்றும் வரவில்லை, அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான், திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம். கோயிலில் யாராவது கேட்டால், "ஆட்டோமொபைல் பண்றான்" என்பார், பொய் இல்லை, கேட்பவர்கள் இன்ஜினியரிங் என்று எடுத்துக்கொண்டால் அவர் என்ன செய்வார்… அப்புறம் அந்த முழுக்கைச் சட்டை, நகத்திலும் முழங்கையிலும் கிரீஸ் ஒட்டிக்கொண்டு வந்தவனிடம், "முழுக்கைச் சட்டையா போட்டுக்கிட்டு வா, நாலு பேரு பாக்கறாங்க" என்று அப்பா சொன்னார், அன்று முதல் பையில் ஒரு சட்டை, ஸ்டேஷன் குழாயில் சோப்புத்தூளும் மரத்தூளும் போட்டுத் தேய்த்து, பொத்தானை மணிக்கட்டு வரை மாட்டிக்கொண்டு, மே மாத வெயிலிலும் ஏதோ பாங்க் ஆபீசர் மாதிரி ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து வீட்டுக்குப் போவான்.

இந்த வண்டிப் பைத்தியத்தை யார் பிடிக்க வைத்தது, அதையும் சொல்ல வேண்டாமா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பம்பாய் ரோட்டோரம் அப்பாவும் இவனும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள், "கண்ணை மூடிக்க, இப்ப வர்றது என்ன?", "ஃபியட்டுப்பா", "அதுக்குப் பின்னால?", "ஜீப்", கண்ணைத் திறந்து திரும்பினால் சரியாக இருக்கும், டிப்போவில் ஸ்டோர்ஸ் கிளார்க், உதிரிபாகங்களின் எண்ணெல்லாம் தலைகீழாகத் தெரியும், ஒரு ஸ்பேனரைப் பிடித்ததில்லை, ஆனால் அந்த விளையாட்டில் மட்டும் சிறுபிள்ளை மாதிரி சிரிப்பார். ஐ.டி.ஐ.யில் முதல் ஆறு மாதம் இரும்புத் துண்டை அரத்தால் ராவுவதுதான் வேலை, உள்ளங்கை கொப்பளிக்க ராவி, மட்டம் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இடைவெளி தெரிந்தால் மறுபடி ராவி… மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள், இவனுக்கு அலுக்கவே இல்லை. இரண்டாம் வருடம், அங்கே மூன்று வருடமாக ஓடாமல் கிடந்த எஞ்சினை இவன் கையால் உயிர்ப்பித்தான், இருமி, புகை கக்கி, பிறகு ஒரே சீராக ஓடியதே, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அன்றைக்கு வீட்டுப் படி ஏறும்வரை வாக்கியம் வாக்கியமாகத் தயார்செய்துகொண்டு போனான், அப்பா பேப்பரை இறக்கவில்லை, அம்மா, "மோர் ஊத்தவா?" என்றாள், ஊத்து என்றான். சொல்ல ஆளில்லாத சந்தோஷம் துக்கத்தைவிட மோசம், அதை அன்றுதான் தெரிந்துகொண்டான், அதற்கப்புறம் எதையும் தயார்செய்துகொண்டு போவதில்லை.

இதோ, இதுதான், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம் பாதி அறுந்து தொங்குகிறது, எந்த வேகத்தில் எஞ்சின் அதிர்வும் குழாயின் ஆட்டமும் ஒன்று சேருகிறதோ அங்கே போய்க் குழாய் காரின் அடித்தகட்டைத் தட்டும், மூன்றாவதில் சேருகிறது, வேறு ஒரு பயமும் இல்லை, ஐந்து நிமிட வேலை… புது வளையத்தை மாட்டி, கிளாம்பை இறுக்கி, குழாயை ஆட்டிப் பார்த்தான், கம்மென்று இருந்தது. போட்ட சாமானை ஜாப் கார்டில், வண்டிக்காரர் குறையை எழுதித்தரும் சீட்டில், எழுத வேண்டுமே, சேவியர் கொடுத்ததைப் படிக்காமலே பையில் செருகியிருந்தான், சத்தத்தைத்தான் வாயால் சொல்லிவிட்டார்களே, எடுத்து டார்ச்சை அடித்தால், இந்த எழுத்து… பெரிய பெரிய ஆங்கில எழுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக நிற்கும் எழுத்து, பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் இதே கைதானே அட்டைபோட்டுப் பெயர் எழுதியது, மூன்றாவது கியரில் சத்தம், அதற்குக் கீழே, "இந்த வேலையை மெக்கானிக் ஸ்ரீ ஜி. ராம்பிரசாத்திடம் தரவும். அவர் என் மகன்." டிப்போவில் சாமான் கேட்டு எழுதுகிற அதே நடை, பெற்ற பிள்ளைக்கு ஒரு ஸ்ரீ! அப்படியானால் வழி தெரியாமல் வரவில்லை, தேஹு ரோடிலிருந்து இத்தனை தூரம் தேடிக்கொண்டுதான் வந்திருக்கிறார், அப்படியானால் அந்தக் கை, "சார், இது…" என்றாரே, அது சமாளிப்பு இல்லை, இது என் பையன் என்று… ஐயோ, அந்த ஒரு வார்த்தையை முடிக்க விட்டிருக்கலாமே.

கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, இரண்டு ஜோடி ஷூ காரை நோக்கி வந்தன, அதில் அடித்தோல் மாற்றிய கறுப்பு ஜோடி அப்பாவுடையது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "என்ன கோவிந்தராஜன்," என்றது ரங்கராஜன் சாரின் குரல், "பையன் இங்கதான் வேலை பாக்கறான், காதால கேட்டே சொல்லிடுவான்னு வழியெல்லாம் சொல்லிட்டு வந்தீங்க, ஆளையே காட்டலையே?" கறுப்பு ஷூ கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. "இன்னிக்கி லீவு போட்டிருக்கான் போல சார்," என்றார் அப்பா.

சாரின் பழுப்பு ஷூ கவுண்டர் பக்கம் போய்விட்டது, கறுப்பு ஷூ போகவில்லை, முழங்காலுக்குக் கீழே இவன் கால்கள் இரண்டும் காருக்கு வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தன, இவனுக்கு அவர் கால் தெரிகிறது, அவருக்கு இவன் கால் தெரிகிறது, கட்டைவிரல் இடத்தில் கிழிந்த அந்தக் கேன்வாஸ் ஷூ யாருடையது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்… பலகையை ஒரு உந்து உந்தினால் வெளியே வந்துவிடலாம், வந்து அப்பா என்றால் அவர் சொன்னது பொய்யாகிவிடும், சாப் என்று இன்னொரு தரம் நாக்கு வராது, வேலையோ முடிந்துவிட்டது, இறுகியிருந்த நட்டையே மறுபடி இறுக்கினான். அந்த முழுக்கைச் சட்டை, அதை அப்பா எத்தனை தரம் சொல்லியிருப்பார், தினமும் சொன்ன மாதிரி அல்லவா ஞாபகம், தேடிப் பார்த்தால் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கிறது, சேர்ந்த முதல் வாரம், பக்கத்துக் குவார்ட்டர்ஸில் கல்யாணம், வாசலெல்லாம் ஜனம், அந்த ஒரு சாயங்காலம்… அதற்கப்புறம் அவர் சொன்னாரா? ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு யோசித்தான், சொன்னதாக நினைவில்லை, கறுப்பு ஷூ இன்னும் அங்கேயே நின்றது.