மூன்றாம் நம்பர் பிரஸ்

விடியும் முன்பே பட்டறையின் ஆறு பிரஸ் மெஷின்களும் தகரத்தை வெட்டத் தொடங்கியிருந்தன. மிதியை அழுத்தினால் அச்சு இறங்கி வெட்டும். காலை எடுத்தால் மேலேறி நிற்கும். அந்த இடைவெளியில்தான் விரல்கள் உள்ளே போய்வர வேண்டும்.

மூன்றாம் நம்பர் மட்டும் நிற்கும்போது கூடுதலாக ஒரு சொடுக்குப் போட்டது. அதில் வேலை செய்தவளை எல்லோரும் அக்கா என்பார்கள்; அவள் தங்கையும் அங்கேயே இன்னொரு பிரஸ்ஸில் வேலை செய்தாள். அக்கா சொன்னதும், மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் நீண்ட ஸ்குரூ டிரைவரைக் கிளட்ச் மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அச்சை மேலே நிறுத்தும் கிளட்ச் தேய்ந்து நழுவுகிறது. மிதிக்காமலே அச்சு இறங்கிவிடும்.

முதலாளியிடம் ஓடிச் சொன்னார். ஆர்டர் முடியும்வரை வாயைத் திறந்தால் உனக்கு வேலை இருக்காது என்றார் முதலாளி. எண்ணெய் விட்டிருக்கிறேன், சரியாகிவிடும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார் ஃபிட்டர்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு யாரும் மிதிக்காத அச்சு இறங்கியது. அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் ரத்தத்தின்மேல் மரத்தூள் கொட்டச் சொன்னார் முதலாளி. அவள் தூங்கி வழிந்து மிதித்துவிட்டாள் என்று எழுதிய தாளைத் தொழிலாளர்களிடம் கையெழுத்துக்கு நீட்டினார். தங்கையை அதே பிரஸ்ஸில் போய் நிற்கச் சொன்னார்.

தாள் ஃபிட்டரிடம் வந்தது.

"அவ தூங்கல. கிளட்ச் போயிருந்துச்சு. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"தெரிஞ்சே ஓடவிட்டது நீதானே? போய்க் கம்பி எண்ணு."

"எண்ணுறேன். உங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்."

தங்கை பாய்ந்து ஃபிட்டரின் சட்டையைப் பிடித்தாள். "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அக்கா கை இருந்திருக்குமே."

அவர் சட்டையை விட்டுவிட்டுப் போய்த் தன் பிரஸ்ஸை நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவர் தன்னுடையதை நிறுத்தினார். பிறகு மற்றவர்களும்.

"அஞ்சு நிமிஷத்துல ஓடலன்னா எல்லாரும் வெளிய போங்க. ஆளுக்கா பஞ்சம்?" என்றார் முதலாளி.

"வர்றவனுக்கும் பத்து விரல்தான். அவன்கிட்டயும் நடந்ததைச் சொல்லுவோம்," என்றாள் தங்கை.

அவர்கள் வெளியே வந்ததும் கேட் பூட்டப்பட்டது. முதலாளி போலீஸுக்குப் போன் செய்தார். தொழிலாளர்கள் சாலையோரம் உட்கார்ந்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு எதிர்ப் பட்டறையிலிருந்தும் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். ஃபிட்டர் மட்டும் ஒதுங்கி நின்றார்; ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் தங்கைதான் கூப்பிட்டாள். "உங்கமேல கோபம் போகல. ஆனா இங்க வந்து உக்காருங்க. மத்த மெஷின்ல என்னென்ன சத்தம், எதுல என்ன கோளாறு, எல்லாத்தையும் இவங்க முன்னால சொல்லுங்க."

கூட்டம் நகர்ந்து இடம் விட்டது. அவர் உட்கார்ந்து, ஒன்றாம் நம்பரிலிருந்து சொல்லத் தொடங்கினார்.