அட்டைக்குப் பின்னால் உருண்ட பகடை

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தம்பி அறைக் கதவைத் திறப்பான். அந்த வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் அதிசயம் அது. மற்ற நாட்களில் சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்தால் பாதியைத் தின்றுவிட்டு மீதியை வெளியே தள்ளுவான். மனைவி இறந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து வருவதெல்லாம் "ம்", "வேண்டாம்", அவ்வளவுதான். காய்ச்சல் என்று படுத்தவளை அவன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். திரும்பி வரும்போது அவள் உயிரோடு இல்லை. "நீ ஒரு தப்பும் பண்ணலடா" என்று அக்கா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். சுவரிடம் சொல்லியிருந்தாலும் அதே பலன்தான்.

ஞாயிறு மட்டும் ஆட்டம் உண்டு. அக்கா கதை நடத்துவாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு வேஷத்தில் அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். நினைத்த காரியம் பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் தப்பித்தார்கள், சின்ன எண் என்றால் போச்சு. தம்பிக்கு அதில் வைத்தியன் வேஷம். வைத்தியன் ஆனதும் அவனுக்கு வாய் திறந்துவிடும். "காயத்தைக் காட்டுங்க, பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்பான். அக்கா தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள். மிச்ச நாட்களை அவள் தள்ளுவதே அந்தக் குரலை நம்பித்தான்.

ஆனால் ஆட்டத்துக்கு ஆள் வேண்டுமே. வந்து போனது இரண்டே பேர், இரண்டு பேரும் எலியும் பூனையும். கீழ்வீட்டு பிளம்பருக்கு வாளை உருவியாக வேண்டும். வாரமெல்லாம் ஊரார் வீட்டுக் குழாய் அடைப்போடு மல்லுக்கட்டுகிற மனிதர், ஞாயிறன்று யாரையாவது வெட்டிச் சாய்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும். எதிர் ஃபிளாட் டீச்சருக்கோ பேச வேண்டும். வழிமறிக்கிற கொள்ளைக்காரனிடம் அவன் அம்மா சௌக்கியமா என்று விசாரிப்பார். ஒருமுறை ஒரு பூதத்தைப் பேசியே தூங்கவைத்தார். பக்கத்தில் பிளம்பரும் சேர்ந்து தூங்கிவிட்டார்.

அந்த வாரம் பிளம்பர் மாடிப்படியில் அக்காவை நிறுத்தினார். வாள் உறையிலேயே துருப்பிடித்துவிட்டது, இந்த ஞாயிறும் பேச்சுக் கச்சேரி என்றால் தன்னை விட்டுவிடலாம் என்றார். சாயங்காலமே டீச்சரிடமிருந்து போன். பரீட்சைப் பேப்பர் மலைபோல் கிடக்கிறது, வெட்டுக்குத்து என்றால் தான் வரவில்லை என்றார். இரண்டு பேரில் ஒருவர் நின்றாலும் ஆட்டம் நின்றது. ஆட்டம் நின்றால் அந்தக் கதவு திறக்காது.

அவளுக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. முன்னே உட்காருகிறவர்களிடம் இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவா என்று நாள் முழுக்கப் பொறுமையாகக் கேட்பாள். இவர்கள் இருவரையும் அப்படி ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். பயந்தவளுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்? இந்த ஞாயிற்றுக் கதையில் வரும் கோட்டைக் காவலனை நீங்கள்தான் வெட்டப்போகிறீர்கள் என்று பிளம்பருக்கு வாக்குக் கொடுத்தாள். காவலன் உங்கள் பேச்சுக்கு மசிகிற ஆள் என்று டீச்சருக்கும் வாக்குக் கொடுத்தாள். இருந்ததோ ஒரே ஒரு காவலன்.

இந்த இருவருக்கும் என்ன பிடிக்கும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவள், தம்பிக்கு என்ன பிடிக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. யாரும் சாகக்கூடாது, அவனுக்கு அது போதும் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். வைத்தியத்துக்கான பகடையை மட்டும் அவளே உருட்டுவாள், தன் முன்னால் நிறுத்திய அட்டை மறைப்புக்குப் பின்னால். நோயாளி தேறுவாரா என்பது வைத்தியனுக்கே முன்கூட்டித் தெரியாதல்லவா என்று அதற்கொரு நியாயமும் சொல்லிவைத்திருந்தாள். பகடையில் என்ன விழுந்தாலும் அவள் வாயில் பெரிய எண்தான் வரும். அந்த மேசையில் தம்பி கைவைத்த ஒருவரும் செத்ததில்லை.

ஞாயிறு வந்தது. டீச்சர் காவலனிடம் போய் அவன் பிள்ளைகுட்டிகளை விசாரிக்க ஆரம்பித்தார். அக்கா காவலனின் குரலில் மெல்ல இளகினாள். பிளம்பர் அவளை ஒரு பார்வை பார்த்தார், பிறகு வெட்டுகிறேன் என்றார். நான் குறுக்கே நிற்கிறேன் என்றார் டீச்சர். பிளம்பர் மேசை நடுவே உருட்டிய பகடையில் பத்தொன்பது விழுந்தது. வாள் டீச்சரின் வயிற்றில் இறங்கியது.

காவலன் எனக்கென்று சொன்னார்களே என்று பிளம்பர் எகிற, எனக்கும்தான் சொன்னார்கள் என்று டீச்சர் பதிலுக்கு எகிறினார். சண்டை அரை நொடி நின்றது. இருவரும் சேர்ந்து அவள் பக்கம் திரும்பினார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் அட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். டீச்சர் கைப்பையை எடுத்தார். பிளம்பர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். எல்லாம் முடிந்தது என்று அவள் உள்ளுக்குள் ஒடுங்கிப்போனாள்.

"இருங்க," என்றான் தம்பி. "காயத்தை நான் பார்க்கிறேன்."

அவன் குரல் நடுங்கியதைக் கேட்டு இருவரும் நின்றார்கள். ரத்தத்தை அழுத்தி நிறுத்துகிறேன் என்றான். வெந்நீரில் கழுவுகிறேன், மருந்து வைக்கிறேன், இறுக்கிக் கட்டுகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. அக்கா அவசரமாக அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டினாள்.

"பதினெட்டு. பிழைச்சுட்டாங்க."

பிளம்பர் எழுந்து நின்றிருந்தார். நின்றவருக்கு அட்டைக்குப் பின்னால் இருந்தது நன்றாகத் தெரிந்தது.

"எங்கேம்மா பதினெட்டு? மூணுல்ல விழுந்திருக்கு."

தன்னை ஏமாற்றிய எரிச்சலில்தான் அவர் அதைச் சொன்னார். அது யார் தலையில் போய் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. தம்பி எட்டி அந்த அட்டையைச் சாய்த்தான். பகடையைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான்.

"எப்பவுமே இப்படித்தானாக்கா?"

இன்றைக்கு மட்டும்தான் என்று அவள் பூசி மெழுகப் பார்த்தாள். அவன் கண்ணைப் பார்த்ததும் அதுவும் வரவில்லை.

"நான் ஒருத்தரையாவது நிஜமா காப்பாத்தினேனா?"

"தெரியலடா. நான் பகடையைப் பார்த்ததே இல்ல."

சொன்ன கையோடு அவள் கெஞ்ச ஆரம்பித்தாள். மறுபடி உருட்டலாம், இது கணக்கில்லை, நீயே உருட்டு, எல்லோர் கண் முன்னாலும் உருட்டு என்று பகடையை எடுக்கப் போனாள். எழுந்து உள்ளே போய்விடுவானோ, இனி அந்தக் கதவு ஞாயிறுகூடத் திறக்காதோ என்று அவளுக்குப் பயம். அவன் பகடையின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து அழுத்திக்கொண்டான்.

"மூணு மூணாவே இருக்கட்டும்," என்றான். பிறகு பிளம்பர் பக்கம் திரும்பினான். "அண்ணே, நான் எதையாவது விட்டுட்டேனா?"

பிளம்பருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. மெதுவாக உட்கார்ந்தார். ஆட்டத்துக்காகப் பதில் சொல்வதா, வேறு எதற்கோ பதில் சொல்வதா என்று புரியாமல் கொஞ்சம் யோசித்தார்.

"இல்ல தம்பி. செய்ய வேண்டியதெல்லாம் சரியாத்தான் செஞ்சே. பகடை விழல, அவ்வளவுதான்."

"அப்ப அவளுக்கும் நான் சரியாத்தான் செஞ்சேன்."

மனைவியைப் பற்றி அவன் வாய் திறந்தது அப்போதுதான். சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து விம்மினான். டீச்சர் பையைக் கீழே வைத்துவிட்டு அவன் முதுகில் கை வைத்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அதைத்தானடா நான் ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

அவன் தலையைத் தூக்கவில்லை.

"பகடையில என்ன விழுந்திருந்தாலும் நீ அதைத்தானேக்கா சொல்லியிருப்பே."

அவன் முதுகைத் தொட நீட்டிய கையை அவள் மெல்ல இழுத்துக்கொண்டாள்.